மொட்டை மாடி: வாசகர் கேள்வி – பதில்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் எங்கள் கடற்கரைப் பக்கத்தவை. தொண்டி, தேவிபட்டினம், கீழக்கரை, மண்டபம், பாம்பன். கேள்வியும் ஏறக்குறைய ஒன்றுதான்: வீட்டுச் சூட்டையும் கரண்ட் பில்லையும் குறைக்க அரசாங்கம் பணம் தருகிறதாமே, அதை எப்படி வாங்குவது? இருபத்திரண்டு வருடமாக ராமநாதபுரத்திலும் சுற்று வட்டாரத்திலும் வீட்டு வேலை மேற்பார்வை பார்த்து வருகிறேன். உச்சிப்புளியில்தான் குடியிருப்பு. எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

“அக்கா, வீட்டுக்காரர் துபாயில் இருக்கிறார். மாமி, நான், இரண்டு பிள்ளைகள். போன முறை 620 யூனிட் ஓடியிருக்கிறது. சோலார் போடுகிறவர் வந்து, ‘5 கிலோவாட் போடுங்கள், 78,000 ரூபாய் மானியம்’ என்கிறார். கரண்ட் இணைப்பு மௌத்தாகிவிட்ட மாமா பெயரில் இருக்கிறது. போடலாமா?”
– வாசகி, கீழக்கரை

போடலாம் தங்கச்சி. ஆனால் ஐந்து வேண்டாம், இன்றைக்கே போடவும் வேண்டாம்.

முதலில் அந்த 78,000 கணக்கைப் பார்ப்போம். இது 2024 பிப்ரவரியில் மத்திய அரசு கொண்டுவந்த ‘பிரதமர் சூரிய வீடு’ திட்டம். முதல் இரண்டு கிலோவாட்டுக்குத் தலா 30,000 ரூபாய். மூன்றாவது கிலோவாட்டுக்கு 18,000. நான்காவதுக்கும் ஐந்தாவதுக்கும் ஒரு ரூபாய்கூடக் கிடையாது. மூன்று போட்டாலும் 78,000தான், ஐந்து போட்டாலும் 78,000தான். வந்தவர் பொய் சொல்லவில்லை. கடைசி இரண்டு கிலோவாட்டும் முழுக்க உங்கள் கைக்காசு என்பதை மட்டும் சொல்லாமல் விட்டிருக்கிறார்.

அடுத்து, உங்கள் வீட்டுக்கு எவ்வளவு தேவை? பேனலைப் பற்றி யோசிக்கும் முன் தலைக்கு மேலே பாருங்கள். பழைய மின்விசிறி ஒன்று ஏறக்குறைய 75 வாட் இழுக்கும். பிஎல்டிசி மோட்டார் வைத்த விசிறி 30 வாட்டில் அதே காற்றைத் தரும். நம் ஊர்ப் புழுக்கத்தில் விசிறி ஒரு நாளில் பதினாறு மணி நேரம் சுற்றுகிறது என்று வையுங்கள். இரண்டு மாதத்தில் ஒரு விசிறிக்கு 43 யூனிட் மிச்சம். கூடம், இரண்டு படுக்கையறை என்று மூன்றை மாற்றினால் 130 யூனிட். 620 என்பது 490 ஆகிவிடும்.

இந்த 490-இல்தான் விஷயமே இருக்கிறது. நம் மாநிலத்தில் இரண்டு மாதத்துக்கு 500 யூனிட்டைத் தாண்டுகிற வீட்டுக்குக் கட்டணம் வேறு. தாண்டிய யூனிட்டுகளுக்கு எட்டு ரூபாய்ச் சொச்சம், 600-க்கு மேல் ஒன்பது ரூபாய்ச் சொச்சம் போடுகிறார்கள். அதோடு 101-லிருந்து 200 வரைக்கும் கிடைத்துக்கொண்டிருந்த சலுகையும் போய்விடும். ஐந்நூறுக்குள் இறங்கிவிட்டால் உங்கள் பில்லில் ஒரு தடவைக்கு 1,300 ரூபாய்க்கு மேல் குறையும். மூன்று விசிறிக்கும் சேர்த்துப் பத்தாயிரம் ரூபாய் ஆகும் என்று வைத்துக்கொண்டாலும், ஒன்றரை வருடத்துக்குள் அந்தக் காசு திரும்பிவிடும். இதற்கு மானியம் கிடையாது, விண்ணப்பம் கிடையாது, யார் வாசலிலும் நிற்க வேண்டியதில்லை. வாங்கும்போது பெட்டியில் மின் சிக்கனத்தைக் காட்டும் நட்சத்திர முத்திரையைப் பாருங்கள். 2023 ஜனவரியிலிருந்து விசிறிக்கும் அது கட்டாயம்.

அப்புறம் சோலார். நம் வெயிலுக்கு ஒரு கிலோவாட் ஒரு நாளைக்குச் சராசரியாக 4 யூனிட் தரும். இரண்டு கிலோவாட் என்றால் இரண்டு மாதத்துக்கு 480. ஐப்பசி, கார்த்திகையில் கொஞ்சம் குறையும், பங்குனியில் கூடும். உங்கள் 490-க்கு இரண்டு கிலோவாட்டே போதும். குறைகிறதும் அரசின் 100 இலவச யூனிட்டுக்குள் அடங்கிவிடும். மாடியில் இருநூறு சதுர அடி நிழல் விழாத இடம் இருந்தால் சரி. மானியம் 60,000.

பெயர் விஷயம்தான் உங்களுக்கு முக்கியம். விண்ணப்பிக்கிறவர் பெயரும் இணைப்பில் உள்ள பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும். மாமா பெயரில் இருக்கிற இணைப்பை மாமி பெயருக்கோ உங்கள் வீட்டுக்காரர் பெயருக்கோ முதலில் மாற்றுங்கள். வாரிசுச் சான்றிதழ், வீட்டு வரி ரசீது எல்லாம் கேட்பார்கள். வீட்டுக்காரர் லீவில் வரும்போது முடிக்கலாம் என்று தள்ளிப் போடாதீர்கள். மாமி பெயரில் மாற்றினால் மாமியின் ஆதார், மாமியின் வங்கிக் கணக்கு இரண்டிலும் பெயர் ஒரே எழுத்தில் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். ஒரு இனிஷியல் முன்னே பின்னே இருந்ததற்காக மாதக்கணக்கில் நின்றுபோன வீடுகளை எனக்குத் தெரியும்.

மானியம் முன்கூட்டி வராது. முழுத் தொகைக்கும் நீங்கள்தான் முதலில் வழி பண்ண வேண்டும். பேனல் மாட்டி, நீங்கள் வாங்குகிற மின்சாரத்தையும் வெளியே கொடுக்கிற மின்சாரத்தையும் கணக்கிடும் இரு வழி மீட்டர் வைத்து, மின் வாரியத்தார் வந்து பார்த்துப் போன பிறகு பணம் நேராக உங்கள் கணக்கில் விழும். கையில் இல்லையென்றால் பொதுத்துறை வங்கிகளில் இதற்கென்றே அடமானம் இல்லாத கடன் இருக்கிறது. நகையைக் கொண்டுபோய் வைத்துவிடாதீர்கள்.

“மண்டபத்தில் கடலிலிருந்து கூப்பிடு தூரத்தில் வீடு. சோலார் போட ஆசை. உப்புக் காற்றில் எத்தனை நாள் தாங்கும்?”
– வாசகர், மண்டபம்

இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன் ஐயா. மானியத்தைப் பற்றிக் கேட்கிறவர்கள் நூறு பேர், உப்பைப் பற்றிக் கேட்கிறவர் ஒருவர்.

வேதாளையில் என் அம்மா வீட்டு மாடியில் 2017-இல் சோலார் போட்டோம். நான்தான் ஆள் பிடித்துக் கொடுத்தேன். கச்சான் காற்று வீசுகிற மாதங்களில் அந்த மாடியில் துணி காயப்போட்டால் மாலையில் துணி விறைப்பாக, நக்கினால் உப்புக் கரிக்கிற மாதிரி இருக்கும். இதெல்லாம் தெரிந்தும், வந்தவர் கொண்டுவந்த இரும்புச் சட்டத்தையும் போல்ட்டையும் நான் கேள்வி கேட்காமல் விட்டுவிட்டேன். மூன்றாம் வருடம் சுவரில் சட்டத்துக்குக் கீழே செம்மண் நிறத்தில் ஒழுகல் ஒழுகலாகக் கோடு. மேலே போய் ஒரு போல்ட்டில் ஸ்பானரை வைத்துத் திருகினேன். முறுக்கு ஒடிகிற மாதிரி ஒடிந்து கையோடு வந்தது. பேனலுக்கு ஒன்றும் ஆகவில்லை, அது கண்ணாடி. அதைப் பிடித்துக்கொண்டிருந்ததுதான் கரைந்துபோயிருந்தது. ஒரு பெருங்காற்று அடித்திருந்தால் பக்கத்து வீட்டு முற்றத்தில் போய் விழுந்திருக்கும். போட்டவருக்குப் போன் பண்ணிப் பண்ணி அலுத்துவிட்டது. கடைசியில் போல்ட் முழுவதையும் நாங்களே மாற்றினோம். 1964 டிசம்பரில் தனுஷ்கோடியைக் கடல் கொண்டுபோன கதையைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். கூரை மேல் ஒரு பொருளை ஏற்றினால் அதைக் காற்று தூக்காமல் எது பிடித்திருக்கிறது என்று பார்க்காமல் இருக்கக் கூடாது.

நீங்கள் போடும்போது மூன்று விஷயத்தை எழுத்தில் வாங்குங்கள். சட்டம் அலுமினியமாக இருக்கட்டும். இரும்பு என்றால் துத்தநாகத்தில் முக்கி எடுத்த ஹாட் டிப் ஜிஐ. அதிலும் வெட்டுகிற துளை போடுகிற வேலையெல்லாம் முக்குவதற்கு முன்பே முடிந்திருக்க வேண்டும். மாடியில் வைத்து அறுத்தால் அறுத்த வாயிலிருந்து துரு தொடங்கும். போல்ட், நட்டு, வாஷர் எல்லாம் எஸ்எஸ் 316 என்கிற துருப்பிடிக்காத எஃகு ரகம். கடையில் 304 கொடுப்பார்கள். கடலைவிட்டுத் தள்ளி இருக்கிற ஊர்களுக்கு அது போதும், நம் கரைக்குப் போதாது. பேனலுக்கு உப்புக் காற்றுச் சோதனை என்று ஒன்று உண்டு, ஐஇசி 61701. அந்தச் சான்றிதழைக் காட்டச் சொல்லுங்கள். மானியத்துக்கு இந்தியாவில் செய்த பேனல்தான் போட வேண்டும் என்பது விதி. அதிலேயே இந்தச் சோதனை முடித்தவை கிடைக்கின்றன.

கழுவுகிற தண்ணீரைச் சொல்ல மறந்துவிடுவேன். நம் போர்வெல் தண்ணீர் ஒரே உப்பு. அதை ஊற்றிக் கழுவினால் காய்ந்ததும் பேனல் முழுக்க வெள்ளை வெள்ளையாகத் தேசப்படம் போட்ட மாதிரி ஆகிவிடும். அம்மா வீட்டில் ஒரு வருடம் அப்படித்தான் கழுவிக்கொண்டிருந்தோம், யூனிட் ஏன் குறைகிறது என்று புரியாமல். குழாயில் வருகிற காவிரித் தண்ணீர் இரண்டு குடம், ஒரு பழைய பருத்தித் துணி, விடியற்காலையில். அவ்வளவுதான். வெயில் ஏறிய பிறகு சூட்டுக் கண்ணாடியில் தண்ணீர் ஊற்றாதீர்கள். இதே மாவட்டத்தில் கமுதியில் 648 மெகாவாட் சூரிய மின் நிலையம் 2016-லிருந்து ஓடுகிறது. அங்கே கரிசல் தூசிதான் தொல்லை, இயந்திரத்தை வைத்தே துடைக்கிறார்கள். நமக்கு உப்பு.

பேனல் தருகிற மின்சாரத்தை வீட்டுக்கு ஏற்றபடி மாற்றுகிற பெட்டிதான் இன்வர்ட்டர். அதை மாடியில் வைக்க விடாதீர்கள். வீட்டுக்குள், கடலைப் பார்க்காத சுவரில்.

“சோலார் போட்டுவிட்டால் கரண்ட் போனாலும் விசிறி ஓடும்தானே?”
– ஆசிரியை, தொண்டி

ஓடாது டீச்சர். தெருவில் கரண்ட் போனால் மானியத்தில் போடுகிற சோலாரும் தானாக நின்றுவிடும். கம்பத்தில் ஏறி வேலை பார்க்கிறவர் மேல் உங்கள் வீட்டு மின்சாரம் பாய்ந்துவிடக் கூடாது என்பதற்காகவே அப்படிச் செய்திருக்கிறார்கள். கரண்ட் போன நேரத்திலும் வேண்டும் என்றால் பேட்டரியும் அதற்கேற்ற இன்வர்ட்டரும் தனியாக வாங்க வேண்டும். பேட்டரிக்கு மானியம் இல்லை.

“எனக்குக் கலைஞர் கனவு இல்லத்தில் வீடு வந்திருக்கிறது. கடல் தொழில்தான். இப்போது இருப்பது ஓலை வீடு, குளிர்ச்சியாக இருக்கும். கான்கிரீட் போட்டால் வெந்துபோவோம் என்று வீட்டில் பயப்படுகிறார்கள். குளிர்ச்சியாகக் கட்ட அரசு தனியாகப் பணம் தருமா?”
– வாசகர், பாம்பன்

தம்பி, உங்கள் வீட்டில் சொல்வது உண்மை. பனையோலைக்கு மிஞ்சிய கூரை இந்தக் கரையில் கிடையாது. தீக்கும் புயலுக்கும்தான் அது ஆகாது. நான் சொல்வதை வீட்டிலும் வாசித்துக் காட்டுங்கள்.

திட்டத்தில் தருவது 3.50 லட்சம். வீடு 360 சதுர அடி. அதில் 300 சதுர அடிக்குக் கான்கிரீட் கூரை, மீதி 60-க்குத் தீப்பிடிக்காத வேறு கூரை உங்கள் விருப்பம் போல. குளிர்ச்சிக்கென்று தனித் தொகை கிடையாது. ஆனால் அஸ்திவாரம் தோண்டும் முன் செய்கிற சில காரியங்களுக்குக் கூடுதலாகக் காசு செலவாகாது.

காற்றைப் பாருங்கள். கச்சான் எந்தப் பக்கமிருந்து வருகிறது, வாடை எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. வள்ளத்தில் ஏறுகிற உங்களுக்குத்தான் தெரியும். அந்தக் காற்று ஒரு சன்னலில் நுழைந்து எதிர்ச் சுவர் சன்னலில் வெளியேற வேண்டும். கொத்தனார் வசதிக்காக இரண்டு சன்னலையும் ஒரே சுவரில் வைத்துவிடுவார்கள். நின்று பார்த்து மாற்றச் சொல்லுங்கள். கூரைக்கு ஒட்டி மேலே ஒரு சாண் அளவுக்குக் காற்றுத் துளை, சிமென்ட் ஜாலி போட்டு. சூடு மேலேதான் நிற்கும், அது வெளியே போக வழி வேண்டும். அந்த 60 சதுர அடியை மேற்குப் பக்கத் தாழ்வாரமாக விடுங்கள். சாயங்கால வெயில் சுவரில் நேராக விழாது, வலை பின்ன இடமும் ஆயிற்று.

கான்கிரீட் பகல் முழுக்கச் சூட்டைக் குடித்து ராத்திரி பத்து மணிக்கு நம் மேல் கக்கும். குடிக்க விடாமல் செய்ய வெள்ளைதான் மருந்து. மாடி முழுவதும் சுண்ணாம்பு, அதோடு கொஞ்சம் வெள்ளை சிமென்ட், பசை கலந்து இரண்டு கை அடியுங்கள். எங்கள் வீட்டில் பாதி மாடிக்கு அடித்துவிட்டு மதியம் இரண்டு மணிக்கு வெறுங்காலோடு போய் நின்று பார்த்தேன். வெள்ளைப் பாதியில் நிற்க முடிந்தது. சிமென்ட் பாதியில் கால் வைத்த வேகத்தில் எடுத்துவிட்டேன். மழைக்குப் பிறகு வருடா வருடம் தைப்பொங்கலுக்கு வெள்ளையடிக்கிறபோது மாடிக்கும் சேர்த்து அடித்துவிட்டால் போதும்.

இன்னொன்று, இதைக் கெஞ்சிக் கேட்கிறேன். காசு மிச்சம் என்று கடற்கரை மணலை அள்ளிக் கலவையில் போடாதீர்கள். உப்புத் தண்ணீரில் கலவை போடாதீர்கள். கம்பி உள்ளேயே துருப்பிடித்து ஊதி, பத்து வருடத்தில் கூரை பெயர்ந்து பிள்ளைகள் படுத்திருக்கிற பாயில் விழும். அப்படி விழுந்த கூரைகளை நான் பார்த்திருக்கிறேன். பணம் கட்டக் கட்டத் தவணையாகத்தான் வரும், அதனால் நல்ல தண்ணீர் லாரிக்கு முதலிலேயே கொஞ்சம் ஒதுக்கி வையுங்கள்.

“பெரியபட்டினத்தில் தாத்தா காலத்து வீடு. கடல் கல்லும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டியது. புதுப்பிக்க அரசு மானியம் உண்டா? இடித்துவிட்டுக் கட்டினால்தான் கிடைக்கும் என்கிறார்கள்.”
– பெயர் வேண்டாம் என்ற வாசகர்

இடிக்காதீர்கள். மானியத்துக்காக அந்தச் சுவரை இடித்தால் நான் மிகவும் வருத்தப்படுவேன். ஒன்றரை அடிக் கனத்துக்கு அந்த மாதிரிக் கல் இனி உங்களுக்குக் கிடைக்காது. கடல் கல் என்பது பவளப்பாறைதான். அதை எடுப்பது வனவிலங்குச் சட்டப்படி குற்றம், எடுக்கவும் கூடாது. வெளியில் தீயாக இருந்தாலும் அந்தச் சுவருக்குள் சூடு வந்து சேர ராத்திரியாகிவிடும், அதற்குள் கடற்காற்று வந்துவிடும்.

பழைய வீட்டைக் குளிர்ச்சியாக்குவதற்கென்று கையில் தருகிற பணத்தை நான் எந்தத் திட்டத்திலும் பார்க்கவில்லை. சொந்தக் கூரைக்குச் சோலார் போட்டால் மேலே சொன்ன மானியம் பழைய வீட்டுக்கும் உண்டு. வங்கியில் கடன் வாங்கிப் பழுது பார்த்தால், பழைய வருமான வரி முறையில் இருக்கிறவர்களுக்கு அந்த வட்டியில் வருடத்துக்கு 30,000 ரூபாய் வரை கழிவு உண்டு. நகர்ப்புறப் பிரதமர் வீட்டு வசதித் திட்டத்தின் இரண்டாம் கட்டத்தில் 8 லட்சம் கடன் வரைக்கும் 4 சதவீத வட்டி மானியம், மொத்தம் 1.80 லட்சம் வரை என்று சொல்வது, வருட வருமானம் 9 லட்சத்துக்குள் இருந்து, எங்கேயும் சொந்த வீடு இல்லாதவர்கள் நகரத்தில் வாங்குவதற்கோ கட்டுவதற்கோதான். தாத்தா வீடு உங்கள் பெயரில் இருந்தால் அது உங்களுக்குப் பொருந்தாது.

விலையில் ஒரு நல்ல செய்தி. 2025 செப்டம்பர் 22-லிருந்து ஜிஎஸ்டி சிமென்ட்டுக்கு 28-லிருந்து 18 சதவீதமாகவும், சூரிய மின் சாதனங்களுக்கு 12-லிருந்து 5 சதவீதமாகவும் குறைந்தது. கையில் வைத்திருக்கிற மதிப்பீடு அதற்கு முந்தையது என்றால் புதிதாகக் கேளுங்கள்.

செலவழிக்கிற காசை மாடியில் செலவழியுங்கள். செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கடுக்காய்த் தண்ணீரும் சேர்த்துத் தட்டிப் போட்டு, மேலே தட்டையான ஓடு பதிக்கிற வேலை தெரிந்த கைகள் நம் பக்கம் இன்னும் இருக்கின்றன. வயதானவர்கள், மெதுவாகத்தான் செய்வார்கள், இருக்கும்போதே கூப்பிட்டுக்கொள்ளுங்கள். உட்சுவர் உதிர்கிற இடத்தில் சிமென்ட் பூசாதீர்கள். உள்ளே இருக்கிற ஈரம் வெளியே வர முடியாமல் கல்லையே அரிக்கும். சுண்ணாம்புப் பூச்சுதான்.

“2012-இல் பசுமை வீடு திட்டத்தில் கட்டிக் கொடுத்தார்கள். ஐந்து சோலார் விளக்கும் எரியாமல் போய்ப் பல வருடம் ஆயிற்று. புதுத் திட்டத்தில் சோலார் வாங்கலாமா? இரண்டு மாதத்துக்கு 80 யூனிட்தான் ஓடுகிறது.”
– வாசகி, திருப்பாலைக்குடி அருகே

உங்களுக்கு இப்போதே பில் சுழியம் அம்மா. 100 யூனிட் வரை கட்டணமே இல்லாதபோது பல ஆயிரம் கடன் வாங்கிப் பேனல் மாட்டி எதைக் குறைப்பது? யார் வந்து கேட்டாலும் கையெழுத்துப் போடாதீர்கள்.

அந்தப் பழைய பேனலை எடைக்குப் போட்டுவிடவும் வேண்டாம். செத்துப்போயிருப்பது அநேகமாகப் பேட்டரிதான். பேனல் இருபது இருபத்தைந்து வருடம் வரும். வயரிங் தெரிந்த பையன் யாரையாவது வெயில் நேரத்தில் கூப்பிட்டு மீட்டர் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். வோல்ட் காட்டினால் ஒரு பேட்டரியும் இரண்டு எல்இடி விளக்கும் போதும், புயல் மழைக்குக் கரண்ட் போகிற ராத்திரிகளில் வீட்டில் வெளிச்சம் இருக்கும். பேட்டரி வாங்கும் முன் பையன் என்ன சொன்னான் என்று எனக்கு ஒரு வரி எழுதுங்கள், எந்த அளவு வாங்குவது என்று சொல்கிறேன்.